வெந்தயம் எங்கே: மனக்காட்சி குறித்த ஓர் அடுக்களை ஆய்வு

மனிதர் சிந்திப்பது படத்திலா, சொல்லிலா? இவ்வினாவைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் கால்ட்டன். 'இன்று காலை உட்கார்ந்த மேசையை மனத்தில் நினையுங்கள்; வெளிச்சம், தெளிவு, நிறம் எப்படி?' என்று பலரிடம் கேட்டு, வந்த பதில்களை 1880இல் வெளியிட்டார். விஞ்ஞானிகள் பலர் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். மேசையோடு நிற்காமல் அலமாரியையும் கேட்டிருந்தால் வழக்கு அன்றே தீர்ந்திருக்கும் என்பது நம் துணிபு.

ஆய்வுக்களம், அலமாரியின் இரண்டாம் தட்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு. போர்ன்விட்டா டப்பாவில் வெந்தயம். நெய் டின்னில் புளி. (நெய் எங்கே என்பது தனி ஆய்வுக்குரியது.) மனைவி படவினம், வெந்தயம் என்றதும் நெளிந்த மூடி அவர் கண்ணில் நிற்கிறது. கணவர் சொல்லினம், 'வெந்தயம்' என்ற எழுத்தைத் தேடுகிறார். கூடத்தில் கீரை ஆய்ந்தபடி மனைவி வழிகாட்டுகிறார்:

"கண்ணு முன்னாடிதாங்க இருக்கு."

"இல்லையே."

"அந்த டப்பாவுக்குப் பின்னாடி பாருங்க."

"எந்த டப்பா?"

"அதாங்க, அது!"

ஒரு வடிவத்தை மனத்துக்குள் எவ்வளவு திருப்ப வேண்டுமோ அவ்வளவுக்கு நேரமும் கூடும் என்று 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் காட்டினார்கள். கணவர் தேடும் நேரமோ மனைவியின் குரல் உயர உயரக் கூடுகிறது.

மனக்காட்சியே எழாத நிலைக்கு ஆடம் ஜீமன் குழுவினர் 2015இல் 'அஃபாண்டேசியா' என்று பெயர் சூட்டினர். கணவர்கள் இதைச் சாட்சிக்கு அழைப்பது செல்லாது. அந்நிலையினருக்கும் எதிரே இருக்கும் டப்பா நன்றாகவே தெரியும்.

மூன்றாம் இனமும் உண்டு. ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் ஆட்களிடம் பீப்பர் கொடுத்து, அது ஒலித்த கணத்தில் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். சில கணங்களில் சொல்லும் இல்லை, படமும் இல்லை. நினைப்பு மட்டும் இருந்தது. நம் களத்தில் இவ்வினத்தாரை ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் கோலத்தில் காணலாம். சில வேளை நினைப்பும் இருப்பதில்லை.

இரு இனத்தையும் சமாதானப்படுத்த மகள் எல்லா டப்பாவிலும் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். சொல்லினம் பூரித்தது. அடுத்த மாத மளிகை வந்தபோது 'கடுகு' டப்பா காலியாகக் கிடந்ததால் மனைவி அதில் ரவையைக் கொட்டி வைத்தார். அன்றைய ரசத்துக்குத் தாளித்தவர் கணவர். எண்ணெய் காய்ந்த பிறகும் 'கடுகு' வெடிக்கவில்லை என்று அவர் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.