நிலவு காய்ந்தால் வலையும் காயுமா?

கேள்வி: பௌர்ணமியன்று ஆழ்கடலில் மீன் குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: மீன் குறைவதில்லை, கீழே இறங்கிவிடுகிறது! இருட்டு இரவில் மிதவை உயிரிகள் இரை தேடி மேலே வரும். அவற்றைத் தின்னச் சிறு மீன், சிறு மீனைத் தின்னக் கணவாய் என்று எல்லாம் பின்னாலேயே வரும். நிலா வெளிச்சத்தில் தலைகாட்டினால் உயிர் போகும் என்பதால் மிதவை உயிரிகள் ஆழத்திலேயே தங்கிவிடும். பந்தியே கீழே நடக்கும்போது விருந்தாளிக்கு மேலே என்ன வேலை? போதாக்குறைக்கு, நிலவொளியில் வலையும் மீன் கண்ணில் பட்டுவிடும். வாள்மீன் பிடிப்பவர்கள் தூண்டிலை இன்னும் ஆழமாக இறக்குவார்கள். விளக்கு காட்டிக் கணவாயை இழுப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். வானத்து விளக்கோடு போட்டி போட முடியுமா? நம் கடலில் மீன்பிடி விளக்குக்கு 2017-லேயே தடை வந்துவிட்டது. நல்ல தடை, வெளிச்சத்துக்கு வரும் குஞ்சு மீனையும் சேர்த்து வாரினால் நாளைக்கு எதைப் பிடிப்பது?