படம் எடுக்க முடியாத தொண்டு

இயற்கையைக் காக்கும் தன்னார்வலராக இன்று ஒரு மரக்கன்றும், அதைப் பத்துப் பேர் பிடித்தபடி நிற்கும் படமும், பெயர் அச்சிட்ட பனியனும் போதும். ஜவ்வாது மலைக் காவலூரில் இவை எதுவும் தேவைப்படாத தொண்டு ஒன்று ஆளின்றிக் கிடக்கிறது: வேண்டாத விளக்கை அணைப்பது. 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அந்தக் கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வை அங்குள்ள வானாய்வகத்திலிருந்தும் பதிவு செய்தார்கள். 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. இந்த இடத்தின் மூலதனமே இருட்டுதான். நட்ட கன்றை மறுவாரம் மறக்கலாம். இருட்டையோ ஒவ்வொரு இரவும் காக்க வேண்டும். இருட்டில் படமும் விழாது. ஆள் சேராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வானியலாளர் வசதிக்கு ஊர் ஏன் இருளில் கிடக்க வேண்டும், பாம்பும் தேளும் உள்ள மலையல்லவா என்பீர்கள். நியாயம். ஆனால் பாம்பு தரையில் ஊர்கிறது; நம் விளக்குகளோ வெளிச்சத்தில் ஒரு பகுதியை வானத்துக்கு வீசுகின்றன. மேலே ஒரு மூடி போட்டால் பாதையும் தெரியும், விண்மீனும் தெரியும். பயன் தொலைநோக்கிக்கு மட்டுமல்ல. கடற்கரை விளக்குகளை நோக்கி ஆமைக்குஞ்சுகள் தவறிப்போவதாலும் சென்னையில் 1988 முதல் மாணவர் தன்னார்வலர்கள் இரவில் மணலில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். மலையில் அந்த நடைகூட வேண்டாம். சுவிட்ச் வரை போனால் போதும்.