முன்பக்கம் ஒரு டக்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில், வழக்கமான ஒட்டுக்கடையில், வழக்கமான மேசையில் உட்கார்ந்து தே தாரேக்கைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். விதி யாரை விட்டது? "காடியில முன்பக்கம் டக்குனு ஒரு சத்தம் வருது" என்று சொல்லித் தொலைத்தேன்.

மேசையில் நான்கு பேர். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், காப்புறுதி முகவர் ஒருவர், கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர் ஒருவர், அப்புறம் என் மச்சான். நான் 'டக்'கில் இருக்கும்போதே ஆசிரியர் "லோவர் ஆர்ம் புஷ்" என்று தீர்ப்பெழுதிவிட்டார். "இல்ல சார், அப்சார்பர் மவுண்டிங்" என்றார் முகவர். "டிரைவ் ஷாஃப்ட் லா, எழுதி வச்சிக்குங்க" என்றான் மச்சான். லோரிக்காரர் மட்டும், "திருப்பும்போது வருதா, மேட்டுல ஏறும்போது வருதாண்ணே?" என்று கேட்டார். அதற்கு மேல் அவரை யாரும் பேசவிடவில்லை.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். ஸ்டியரிங்கை முழுசாக வளைத்துத் திருப்பும்போது டக்டக்கென்று அடித்தால் டிரைவ் ஷாஃப்ட். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் தட்டினால் ஸ்டெபிலைசர் லிங்க். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகி விடுபடுகிற மாதிரி கேட்டால் அப்சார்பர் மவுண்டிங். இதெல்லாம் எனக்கே தெரியும். என் சத்தம் இந்த மூன்றிலும் சேராததால்தானே வாயைத் திறந்தேன்! ஆனால் நம் ஆட்களுக்கு நோயாளி ஒரு சாக்குத்தான். மருந்து ஏற்கெனவே கையில் தயார்.

என்ன கார் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்ல மாட்டேன். சொன்னால் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, "அந்த மாடலா? அதை ஏன் வாங்குனீங்க?" என்று ஆரம்பிப்பீர்கள். நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங், முன்பக்கம் ஒரு டக். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இதை எழுத உட்கார்ந்ததே வேறு காரியத்துக்கு. கிள்ளானில் இருக்கும் தங்கை மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கையில் 20,000 வெள்ளி வைத்திருக்கிறாள். "மாமா, செகண்ட் ஹேண்ட்ல என்ன காடி வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. அதற்கு இந்தக் கட்டுரையில் ஒழுங்காகப் பதில் சொல்லப் போகிறேன். அதற்கு முன் இரண்டொரு விஷயம்.

நம் நாட்டுக் கார்களின் பெயரை யார் வைத்தார்களோ, தமிழ்க் காதில் அவை வேறு மாதிரி விழுகின்றன. 1985 ஜூலையில் ஷா ஆலாமில் வெளிவந்த முதல் புரோட்டானுக்குச் சாகா என்று பெயர். மலாய்க்காரர்களுக்கு அது சிவப்பாக ஒரு சின்ன விதை, நம் ஊர் ஆனைக்குன்றிமணி. நமக்கோ அது சாகாவரம். முதல் வண்டி தேசிய அருங்காட்சியகத்தில், கே.எல். சென்ட்ரலுக்குப் பின்னால், தூசி படாமல் நிற்கிறது. அதன் தம்பிகள் இன்னும் காப்பார் சாலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள், பெயருக்குத் துரோகம் செய்யாமல். 1992இல் ஈஸ்வரா வந்தது. எங்கள் பாட்டி ஒவ்வொரு முறை அதில் ஏறி உட்காரும்போதும் "ஈஸ்வரா" என்று பெருமூச்சு விடுவார். காரின் பெயரைச் சொல்கிறாரா, சாமியைக் கூப்பிடுகிறாரா என்று அவர் போகிற வரைக்கும் எங்களுக்கு விளங்கவில்லை. 1993இல் வீரா. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

வீராவும் ஜப்பானிய மிட்சுபிஷி லான்சரும் ஒரே எலும்புக்கூடு. அதே எலும்புக்கூட்டில் ஜப்பான்காரன் எவோ என்றொரு பேயையும் செய்தான். வீராவின் 1.5 இஞ்சினுக்கு 4ஜி15 என்று பெயர், 1468 சிசி, சாது. எவோவின் 4ஜி63 இரண்டு லிட்டர் டர்போ. மூன்றாம் எவோவில் அது 270 குதிரை. 'உடம்பு ஒன்றுதானே, உயிரை மட்டும் மாற்றினால் என்ன?' என்று இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எவனோ ஒருவனுக்குத் தோன்றியது. அவன் நன்றாக இருக்கட்டும்.

அதற்குத்தான் ஹாஃப் கட். ஜப்பானில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை காரைப் பரிசோதனைக்கு விட வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் நன்றாக ஓடுகிற காரைக் கழித்துக் கட்டிவிடுவார்கள். அதைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலேற்றுவார்கள். முழுசாக வந்தால் கார், வரி கட்ட வேண்டும். பாதியாக வந்தால் உதிரிப்பாகம். கிள்ளான் பக்கம் சில முற்றங்களில், மூக்கும் இரண்டு கண்ணுமாக இவை வரிசையில் நிற்பதைப் பார்த்தால் பெண் பார்க்கக் காத்திருக்கும் மாப்பிள்ளைகள் போலவே இருக்கும்.

உவமைக்காகச் சொல்லவில்லை. அங்கே நடப்பதே பொருத்தம் பார்ப்பதுதான். முதலில் தினப் பொருத்தம்: தினமும் காலையில் ஸ்டார்ட் ஆகுமா? கணப் பொருத்தம்: பெண் வீட்டு வீரா மனுஷ கணம், வருகிற இஞ்சின் ராட்சச கணம், சேர்த்தால் சண்டைதான். ஆனாலும், "பரவால்ல, பையன் அட்ஜஸ் பண்ணிக்குவான்" என்பார்கள். ஸ்திரீ தீர்க்கம் என்றால் கியர்பாக்ஸ் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று பார்ப்பது. யோனிப் பொருத்தத்தை விட்டுவிடுகிறேன், குடும்பத்தோடு படிப்பீர்கள். ராசிப் பொருத்தம் வயரிங்கில் பார்ப்பது. இஞ்சின் ஒரு மொழி பேசும், டேஷ்போர்டு இன்னொரு மொழி பேசும், நடுவில் எச்சரிக்கை விளக்கு மட்டும் இரண்டு மொழியிலும் எரியும். ராசி அதிபதி அந்த இஞ்சினின் கணினிப் பெட்டி. மாமியார் அதுதான். வீட்டுக்கு வந்தபின்தான் குணம் தெரியும். வேதை, ரேடியேட்டர்: பழையது போதாது, புதியதற்கு இடமில்லை. மகேந்திரம் வம்சவிருத்தி. ஒரு டர்போ வந்தால் பின்னாலேயே பெரிய இண்டர்கூலர், அதன் பின்னால் பெரிய பெட்ரோல் பம்பு, பெரிய பிரேக்கு என்று குழந்தைகள் வரிசையாகப் பிறந்துகொண்டே இருக்கும். வசியப் பொருத்தம் மனைவியோடு பார்ப்பது. பெரும்பாலும் இருக்காது. ரஜ்ஜு மட்டும் தட்டவே கூடாது, அதுதான் மாங்கல்ய பலம்: இஞ்சின் மவுண்டிங். நான்கு போல்ட்டும் சரியாக உட்கார்ந்தால் தாலி ஏறியது என்று அர்த்தம். அப்போது பட்டறையில் ஒரு கைதட்டல் எழும் பாருங்கள், நாதஸ்வரம் ஒன்றுதான் குறை.

இத்தனையும் பார்த்தவர்கள் பதிவுக்கு மட்டும் போகமாட்டார்கள். இஞ்சினை மாற்றினால் புஸ்பகோமில் சோதனைக்கு விட்டு, ஜேபிஜேயில் காட்டி, கெரானில் புது இஞ்சின் எண்ணை ஏற்ற வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அண்ணே" என்பார்கள். பதிவில்லாத கல்யாணம். போலீஸ் தடுப்பைக் கண்டதும் மாப்பிள்ளை சந்துக்குள் திரும்பி ஓடுவது இதனால்தான்.

2002இல் நம் நாட்டு கரம்ஜிட் சிங் உற்பத்திக் கார் பிரிவில் உலக ராலி சாம்பியன் ஆனார். ஆசியாவே திரும்பிப் பார்த்த வெற்றி. அவர் ஓட்டிய புரோட்டான் பெர்ட்டுக்குள்ளே இருந்தது எவோதான். அவர் எவோவில் புரோட்டான் சின்னம் ஒட்டி உலகத்தை ஜெயித்தார். நம் தம்பிகள் புரோட்டானில் எவோ சின்னம் ஒட்டி ஜாலான் துன் சம்பந்தனில் ஒருவழிப் பாதையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், பார்க்கிங் கிடைக்காமல்.

தங்கை மகனைச் சொல்லாமல் விட முடியாது. (கார் கேட்டவளின் அண்ணன்.) மைவி வைத்திருக்கிறான். 2005இல் மைவி வந்ததிலிருந்து வீட்டுக்கு ஒன்று நிற்கிறது, அதில் அதிசயமில்லை. இவனுடையதில் முன்னால் தைஹாட்சு பூன், பின்னால் டொயோட்டா பாஸோ என்று எழுதியிருக்கும். மூன்றும் உடன்பிறப்புகள் என்பதால் பொய்யென்றும் சொல்ல முடியாது. முன்கண்ணாடியில் 70 சதவீதம், முன்கதவுக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது சட்டம். இவன் காருக்குள் அமாவாசை. இறக்கி இறக்கித் தரையோடு ஒட்டவைத்திருக்கிறான், போங்கோலைக் கண்டால் நண்டு மாதிரி குறுக்காக ஏறுவான். போன வருடம் ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலில் வாகன பூஜை போட்டான். ஐயர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, எடுப்பா என்றார். எடுத்தான். முன்பக்கத்து இரண்டு பழமும் நசுங்கவில்லை. அவன் புதிதாக மாட்டிய லிப், சக்கரம் ஏறுவதற்கு முன்பே பழத்தைத் தள்ளிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டது. திருஷ்டி அப்படியே முழுசாக, சாறு கூடச் சிந்தாமல், காருக்கு முன்னால் உருண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இவன் ஒரு நாள் செபாங்குக்குக் கூட்டிப் போனான். 1999இல் திறந்த ஓட்டப்பாதை, 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. 2017 வரைக்கும் ஃபார்முலா ஒன் நடந்த இடம். கடைசி வருடம் தகுதிச் சுற்றில் ஹேமில்டன் அதை ஒன்றரை நிமிடத்தில் சுற்றினார். காசு கட்டினால் நாமும் சுற்றலாம். இவன் மூன்று நிமிடத்துக்கும் மேலே எடுத்துக்கொண்டான். நான்காவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்க, முகம் வெளுத்து உள்ளே வந்து நிறுத்தினான். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழசானால் ஈரம் கூடும், கொதிநிலை குறையும். வளைவுக்கு வளைவு அழுத்தினால் உள்ளே கொதித்து ஆவியாகிவிடும், ஆவியை அழுத்தி யாரும் காரை நிறுத்த முடியாது. ஸ்போர்ட் ரிம்முக்கு 2,000 வெள்ளி கொட்டியவன், வாங்கிய நாள் முதல் பிரேக் எண்ணெயை மாற்றவில்லை. கேட்டால், "அது வெளிய தெரியாதே மாமா" என்றான். திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். 2018 புத்தாண்டில் பத்து தீகா டோலை எடுத்தார்கள், சுங்கை ராசாவ் டோலை எடுத்தார்கள், நெரிசலை எடுக்க மறந்துவிட்டார்கள். ஷா ஆலாமிலிருந்து கிள்ளானுக்கு ஒரு மணி நேரம். வழி நெடுக, ஐந்தாவது வளைவில் அரை வினாடியை எப்படி மிச்சப்படுத்தலாம் என்று அவன் எனக்குப் பாடம் எடுத்தான்.

நான் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். என் முதல் சாகாவின் பின்கண்ணாடியில் 'டர்போ' என்று ஒரு முழம் நீளத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். டர்போ இல்லை. ஸ்டிக்கர் இருந்தது. மோமோ ஸ்டியரிங் மாட்டினேன், சின்னதாக. அதனால் வேக முள்ளை மறைத்துவிட்டது. எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று தெரியாமலே மூன்று வருடம் பந்தயக்காரனாக வாழ்ந்தேன். வளைகாப்புக்கு வைத்திருந்த பணத்தில் எக்சோஸ் போட்ட கதையை மனைவி இன்னும் வருடத்துக்கு ஒரு முறை எடுத்துச் சொல்கிறாள், அவள் சொந்தக்காரர்கள் வந்திருக்கும் நாளாகப் பார்த்து.

ஆனால் அந்த நாளிலும் யாராவது ஒரு சத்தத்தைச் சொன்னால், முதலில் காரை ஓட்டிப் பார்ப்போம். இப்போது யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை, காது கொடுப்பதில்லை. வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

திங்கட்கிழமை ஒரு பட்டறைக்குப் போனேன். பெயர் வேண்டாம். மெக்கானிக் சீனர், நல்ல மனிதர். "பாஸ், என்ன சத்தம்?" என்றார். இருவருமாக மூன்று முறை சுற்றி வந்தோம். மாமியார் முன்னால் மருமகள் மாதிரி, கார் வாயே திறக்கவில்லை. "மின்யாக் ஹித்தாம் மாத்திடலாமா?" என்று கேட்டார். பொன்னிறத்தில் ஊற்றுகிற எண்ணெய்க்குக் கறுப்பெண்ணெய் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன். பிறகு புஷ் மாற்றினார். மவுண்டிங் மாற்றினார். டிரைவ் ஷாஃப்டும் மாற்றினார். மேசையில் சொன்ன மூன்று பேரும் ஜெயித்தார்கள், நான் 1,140 வெள்ளி தோற்றேன். பட்டறை வாசலைத் தாண்டி முதல் சமிக்ஞை விளக்கில் நின்றேன். டக்.

திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். சாவி அங்கேதான் இருக்கிறது. புதன்கிழமை மச்சான் தொலைபேசியில் கூப்பிட்டான். "நான்தான் சொன்னேன்ல, டிரைவ் ஷாஃப்ட்டுன்னு" என்றான். வைத்துவிட்டேன்.

தங்கை மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதை நேரில் சொல்வதுதான் முறை, இங்கே இடமும் இல்லை. ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிற சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு, தெங்கு கிளானா சாலைப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பின் சீட்டில் ஒரு இடம் போதும். டோல் இல்லை, பெட்ரோலுக்குப் பாதி தருகிறேன். உங்கள் காரில் ஏதாவது சத்தம் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன்.