கொசு இல்லாத ஏரி

என் தங்கை மகன் பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் குடியிருக்கிறான். 2022இல் ஹாலின் ஒரு சுவர் முழுக்க ஏரி ஒன்றை ஒட்டினான். பன்னிரண்டு அடி அகலம், ஒன்பது அடி உயரம். பின்னால் பனி படிந்த மலைகள், கரையில் ஊசியிலை மரங்கள், நடுவில் மயில்கழுத்தை வெளுத்த மாதிரி ஒரு நீலம்.

"வாங்க மாமா, எப்படியிருக்கு? வீட்டுக்குள்ளயே கனடா!" என்றான்.

"நல்லாயிருக்குடா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சுவருக்கு அந்த ஒரு வார்த்தை போதாது. அதன் பெருமைகளை இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆற அமரச் சொல்ல வேண்டியவை அவை.

ஏரி என்றால் கொசு இருக்கும். இதில் இல்லை. தவளைச் சத்தம் இல்லை, பாசி வாடை இல்லை, ஆகாயத்தாமரை படர்ந்து மூடுவதில்லை. கரையிலேயே சோபா போட்டிருக்கிறார்கள்; யாருக்கும் கால் நனைவதில்லை. சித்திரை வெயிலில் வற்றியதில்லை. ஐப்பசி மழையில் ஒரு விரற்கடை ஏறியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்று நாள் மின்சாரம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது அந்த ஏரி மட்டும் ஒட்டிய அன்று இருந்த மாதிரியே, எல்லை மீறாமல் இருந்தது. இவ்வளவு அடக்கமான ஏரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அது எந்த ஏரி என்று எனக்குத் தெரியும். பெயர் மொரைன். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், பான்ஃப் தேசியப் பூங்காவில், பத்துச் சிகரங்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. கனடாவின் பழைய இருபது டாலர் நோட்டுக்குப் பின்பக்கம் இந்தக் காட்சிதான். அந்த நீலத்துக்குக் காரணம் பனியாறு பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவந்து தண்ணீரில் கலப்பது. அந்தத் துகள்களில் வெளிச்சம் பட்டுச் சிதறும்போது நமக்கு நீலம் தெரிகிறது. ஜூன் தொடக்கம் வரை ஏரி பெரும்பாலும் உறைந்தே கிடக்கும். பனி உருகி, நீர் ஏறி, மாவு கலந்த பிறகுதான் இந்த நிறம் கூடும். குளிர் இறங்கினால் மறுபடி வெள்ளை. அசல் ஏரிக்கே வருடத்தில் சில மாதம்தான் கிடைக்கிற நீலம், நம் வீட்டுச் சுவரில் பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. உறைவதும் உருகுவதும் இல்லாததால் பனியாற்றுக்கும் அங்கே வேலை இல்லை.

இதே ஏரியைப் பிறகு ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையிலும், ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையிலும் பார்த்தேன். அதே மரம், அதே மேகம், நீரில் விழுந்த அதே நிழல். பல்லைப் பிடுங்க வந்தவருக்கும் தாலி கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் என் மருமகனுக்கும் ஒரே ஏரி. பேதம் பார்க்காதது.

ஒட்டிய நாளில் நான் உடனிருந்தேன். அந்தத் தொழிலாளிகளின் கைத்திறனை மனமாரச் சொல்ல வேண்டும். சுவருக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து ஒருநாள் காயவிட்டிருந்தார்கள். படம் மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் நான்கு சுருள்களாக வந்தது. ரசமட்டம் வைத்து முதல் சுருளுக்குச் செங்குத்தாகக் கோடு போட்டார்கள்; அந்தக் கோடு பிசகினால் நான்காவது சுருளில் மலை சாய்ந்துவிடும். பசை தடவி, ஒரு சுருளின் ஓரத்தின் மேல் அடுத்ததன் ஓரத்தை ஓர் அங்குலம் ஏற்றி ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பில் கட்டரால் வெட்டி, மேலும் கீழும் வந்த கழிவு நறுக்கை உருவி எடுத்தார்கள். இணைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாவது சுருளில் ஒரே ஒரு மரம் மட்டும் மயிரிழை தள்ளி நிற்கிறது. அதுவும் தேடினால்தான் தெரியும். ஏரியின் நடுவில் சுவிட்ச் போர்டு வந்தது. அதைச் சுற்றி அளந்து வெட்டிய நேர்த்தியைப் பார்த்தால், அந்த ஏரி அதற்காகவே தோண்டப்பட்டது போல இருந்தது.

முதலில் அவன் வேறு படம்தான் நினைத்திருந்தான். தன் செல்பேசியில் எடுத்த ஒரு படம்: மாலை வெளிச்சத்தில் பள்ளிக்கரணைக் கழுவெளி, கோரைப்புல், தூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் பறவைகள். அச்சுக் கடைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். படத்தின் அகலத்தில் 4,000 புள்ளிகள்; சுவரின் அகலம் 144 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 28 புள்ளிகூட வராது. ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கட்டமாகப் பெருத்து, பறவையெல்லாம் செங்கல் செங்கலாக உடையும் என்றார். கணக்கு சரியானது. கடையின் தொகுப்பில் பெரிய சுவருக்கென்றே ஆயிரக்கணக்கில் தெளிவான படங்கள் இருந்தன. அவன் கனடாவைத் தேர்ந்தெடுத்தான். சதுர அடி 110 ரூபாய் வீதம் 108 சதுர அடிக்கு 11,880 ரூபாய். விமானச் செலவோடு ஒப்பிட்டால் மலிவு.

கழுவெளியை அவன் படமெடுத்தது எங்கிருந்து என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சுவரில் இருந்த ஜன்னல் வழியாகத்தான்.

ஆம், அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. நாலடிக்கு மூன்றரையடி. வீடு வாங்கும்போது, நீர்நிலை தெரிகிற பக்கம் என்று சதுர அடிக்குக் கூடுதல் விலை கொடுத்தான். நடுவில் ஜன்னல் இருந்தால் ஏரி இரண்டாகப் பிளந்துவிடும் என்பதால், அதன் மேல் ஜிப்சம் போர்டு வைத்து எட்டுத் திருகாணிகளில் இறுக்கி, மட்டம் பார்த்து, படத்தை அதன் மேலேயே ஒட்டினார்கள். "ஜன்னல் பின்னாடி அப்படியேதான் சார் இருக்கு. வேணும்னா எப்ப வேணா எடுத்துக்கலாம்" என்றார் ஒட்ட வந்தவர்.

அந்த ஜன்னலுக்கு வெளியே இருப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொன்னால்தான் உள்ளே இருப்பதன் மதிப்பு விளங்கும். அது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்; பழைய ஆட்கள் அதைக் கழுவெளி என்பார்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலை அடைகிறது. அறுபதுகளில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்வார்கள். குப்பை கொட்டினார்கள், குறுக்கே சாலை போட்டார்கள், மண்ணடித்து மனை போட்டார்கள். என் மருமகன் இந்தச் சுவரில் ஏரியை ஒட்டிய அதே 2022இல்தான் மிச்சமிருப்பதில் 1,247 ஹெக்டேரைச் சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ராம்சர் ஈரநிலமாக அறிவித்தார்கள். அங்கே நீலத் தாழைக்கோழி நடக்கிறது, நீளவால் இலைக்கோழி ஆகாயத்தாமரை மேல் கால் வைத்து ஓடுகிறது, அரிவாள் மூக்கன்கள் சேற்றைக் கிளறுகின்றன, கூழைக்கடாக்கள் இறங்குகின்றன, பூநாரைகள் கூட்டமாக வந்து போகின்றன. கூடவே கொசுவும் இருக்கிறது. காற்று திரும்பினால் பெருங்குடிக் குப்பைமேட்டின் வாடையும் புகையும் வரும். ஒருநாள் இருக்கும் நிறம் மறுநாள் இருக்காது. யாரையும் கேட்காமல் பறவைகள் வரும், சொல்லாமல் போய்விடும். அந்தத் தண்ணீர் வர வேண்டிய இடத்தில் நாம் வீடு கட்டியிருந்தால், மழைக்காலத்தில் நம்மைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வரும்.

சுவரில் இருக்கும் ஏரியிடம் இந்தக் குறை எதுவும் இல்லை. அதில் யாரும் மண்ணடிக்க முடியாது. யாரும் பட்டா கேட்க மாட்டார்கள். அதைக் காப்பாற்ற வழக்குப் போட வேண்டாம், மனு எழுத வேண்டாம். மொரைன் ஏரியின் அசல் பரப்பு சுமார் 50 ஹெக்டேர். அதைப் போல இருபத்தைந்து மடங்கு பெரிய நீர்நிலை ஒன்றை நாலடிக்கு மூன்றரையடிக்குள் மறைத்துவிடும் வல்லமை இந்தச் சுவருக்கு இருக்கிறது.

எளிதில் கழுவக்கூடியது என்பது இன்னொரு சிறப்பு. அவனுடைய மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒருநாள் ஸ்கெட்ச் பேனாவால் ஏரியின் நீலத்துக்கு மேல் ஒரு பறவை வரைந்துவிட்டாள். நீளமான கால், வளைந்த மூக்கு, ஒரு இறக்கை மட்டும் பெரிது. அவள் அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். வினைல் அல்லவா, ஒரு நிமிடத்தில் சுத்தமாகிவிட்டது. அந்த ஏரிக்கு இதுவரை வந்த ஒரே பறவை அதுதான்.

சித்தன்னவாசல் குகைக் கோயில் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியது. அந்த ஓவியனுக்கு நம் அச்சு இயந்திரத்தின் தெளிவு கிடையாது. குளம் என்று நினைத்ததும் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்கிறது: மீன், அன்னம், எருமை, யானை, இடுப்பளவு நீரில் நின்று பூப்பறிக்கிற ஆட்கள். தண்டோடு பிடுங்கிய தாமரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். அவன் குளத்தில் ஒரு அங்குலம்கூட உயிர் நடமாட்டம் இல்லாமல் இல்லை. குளத்துக்குள் இறங்கி, சேற்றில் கால் புதைந்து, கரையேறிய ஒருவன்தான் அப்படி வரைய முடியும். நம் சுவர் யாரையும் அந்தச் சிரமத்துக்கு ஆளாக்குவதில்லை. ஒட்டியவர் ஏரியைப் பார்க்க வேண்டாம், வாங்கியவரும் பார்க்க வேண்டாம்.

பெரிதாகப் படம் வைப்பதில் நமக்கு முன்னோடிகள் உண்டு. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கோடாக் நிறுவனம் 18 அடி உயரம், 60 அடி அகலத்தில் ஒளிரும் படம் வைத்திருந்தது. அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நம் வீட்டுப் படத்துக்கு அந்த அலைச்சல் இல்லை. நம் ஊர் சலூன்களிலும் லாட்ஜுகளிலும் சுவிட்சர்லாந்துப் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள்; ஆனால் அதற்காக அங்கே யாரும் ஜன்னலை அடைத்ததாக எனக்கு நினைவில்லை.

2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கானும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 90 பேரை ஓர் அலுவலக அறையில் மூன்று விதமாக உட்கார வைத்தார்கள். சிலருக்கு எதிரே கண்ணாடி ஜன்னல், வெளியே மரமும் நீரூற்றும். சிலருக்கு அதே காட்சியை அதே நேரத்தில் காட்டும் பெரிய பிளாஸ்மா திரை. சிலருக்கு வெறும் சுவர். சின்னச் சின்ன வேலைகள் கொடுத்துப் படபடப்பை ஏற்றிவிட்டு, இதயத்துடிப்பு எவ்வளவு விரைவில் அமைதிக்குத் திரும்புகிறது என்று அளந்தார்கள். ஜன்னல் முன்னால் இருந்தவர்களுக்கு விரைவாகத் திரும்பியது. திரைக்கும் வெறும் சுவருக்கும் வித்தியாசம் இல்லை. அந்தத் திரையிலாவது இலை அசைந்தது. என் மருமகன் ராத்திரி பத்து மணிக்கு வேலை முடித்து வந்து, செருப்பைக் கழற்றாமல் அந்த ஏரிக்கு முதுகைக் காட்டிச் சோபாவில் சாய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிவி எதிர்ச்சுவரில் இருக்கிறது.

அந்த ஏரிக்கும் இப்போது நீர்வரத்து தொடங்கிவிட்டது. அது வெளிச்சுவர். வடகிழக்கு மழை நேராக அடிக்கிற பக்கம். ஜன்னல் இருந்தவரை காற்று போய் வந்தது, ஓதம் காய்ந்தது. வினைல் மூச்சு விடாது. சுவருக்குள் இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் படத்துக்குப் பின்னால் தங்கி, போன கார்த்திகையில் மலையடிவாரத்தில் கையகலத்துக்கு ஒரு வீக்கம் வந்தது. பசையில் இருக்கிற மாவுச்சத்து பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. நான்காவது சுருளின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. அந்தச் சுவரில் உயிரோடு இருக்கிற ஒன்றை அன்றுதான் முதலில் பார்த்தேன். குழந்தைக்கு இரண்டு மாதமாக விடாத தும்மல். வேறு படம் ஒட்டலாமா என்று யோசிப்பதாக மருமகன் போனில் சொன்னான். இந்த முறை அருவியாம்.

மாப்ளே, அருவி வேண்டாம். இந்தச் சுவரைப் பற்றி நான் மேலே சொன்ன பெருமையெல்லாம் உண்மை, ஒன்றைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். உன் செல்பேசியில் நீ எடுத்த அந்தக் கழுவெளிப் படம் இன்னும் இருக்கும், எடுத்துப் பார். புள்ளி புள்ளியாக உடையும் என்றார்களே, அந்தப் புள்ளிகள் பறவைகள். தை மாதம் பூநாரை வந்திருக்கும். கொசுவுக்கு வலை அடித்துக்கொள்ளலாம், கடையில் விற்கிறது. எட்டே திருகாணிகள்தான். நான் ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ டிரைவரோடு வருகிறேன், உன் மகளை எங்கும் அனுப்பிவிடாதே.