கிழங்குக்கு அழுத மாதா

வா மாப்ளே, இப்படி உக்காரு. பயப்படாத, கோவிலுக்கு வான்னு நான் கூப்பிடப் போறதில்ல. டீயக் குடி.

உங்க அத்தைகிட்ட என்னமோ சொன்னியாமே, "வாரத்துல ஒரு நாத்தான் தூங்குறேன், அதையும் சாமிக்குக் குடுக்கணுமா"ன்னு. நியாயந்தான். மத்த ஆறு நாளும் விடிய விடிய போனுக்குக் காவல் இருக்குற பிள்ளை. அதுக்காக நீ பூசையே பாக்காத ஆளுன்னு எவனாச்சும் சொன்னா நான் சண்டைக்குப் போவேன். கிறிஸ்துமஸ் ராத்திரி வர்றியே! சட்டை கசங்காம வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, பிரசங்கம் ஆரம்பிச்சதும் வண்டியப் பாத்துட்டு வர்றேன்னு போவ. ஆகஸ்டு 14 ராத்திரி மாதா சப்பரம் வர்றப்பவும் வர்ற, போனைத் தூக்கிப் புடிக்கிற. மாதா உன் போனுக்குள்ள பத்திரமாத்தான் இருக்கா. தெனமும் மதர் தெரசா பேரு போட்ட பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் பைக்குல பறக்குற. 1984-ல இருந்து அந்தம்மா பேரு அங்கனயே நிக்குது. நீதான் நின்ன பாட்டைக் காணோம்.

அது கெடக்கட்டும். நம்ம கோவில் சலேத் மாதா படத்துல ரெண்டு கையாலயும் மொகத்தைப் பொத்திக்கிட்டு ஒருத்தி உக்காந்திருப்பாளே, ஏன் அழுகுறான்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கியா?

1846 செப்டம்பர் 19, சனிக்கிழமை. பிரான்சுல ஆல்ப்ஸ் மலைக்குள்ள லா சலேத்துன்னு ஒரு பட்டிக்காடு. அதுக்கு மேல, நம்ம கொடைக்கானலவிடக் கொஞ்சம் தாழ்வான மேட்டுல மாடு மேய்ச்ச ரெண்டு பிள்ளைகளுக்குத்தான் காட்சி குடுத்தா. மெலனிக்கு 14 வயசு, மாக்சிமினுக்கு 11. அழுதுக்கிட்டே அவ சொன்ன புகாரக் கேளு. ஞாயித்துக்கிழமையும் வேலைதான் பாக்குறாங்க. வண்டிக்காரன் வாயத் தெறந்தா எம் மகன் பேரை இழுத்துத்தான் திட்டுறான். கோடையில பூசைக்கு வர்றது நாலு கெழவிக. குளிர் வந்து பொழுது போகலைன்னா மத்தவன் வர்றான், அதுவும் கேலி பண்ண. தவக்காலத்துல கறிக்கடையே கதின்னு கெடக்குறான். அவ்வளவு காலத்துக்கு முந்தி உன்னைப் பத்தி அவளுக்கு யாரு சொன்னா? சத்தியமா நான் இல்ல.

அப்புறம் கிழங்குக் கதைக்கு வந்தா. ஐரோப்பா முழுக்கக் கருகல் விழுந்து உருளைக்கிழங்கு அழுகிக்கிட்டிருந்த காலம். அயர்லாந்துல அந்தப் பஞ்சத்துல பத்து லட்சம் பேரு செத்தாங்க. போன வருசமே கிழங்கைக் காட்டி எச்சரிச்சேனேன்னு பிரெஞ்சுல சொல்றா. பிரெஞ்சுல கிழங்குக்குப் பேரே ‘மண் ஆப்பிள்’. மெலனிக்கு ஒண்ணும் விளங்கல, பயலத் திரும்பிப் பாக்குறா. உடனே மாதா, வேற மாதிரி சொல்றேன் பிள்ளைகளான்னு அந்த மலை ஊருப் பேச்சுக்கு மாறிட்டாளாம். நம்ம பக்கத்து வில்பட்டிச் சம்சாரிகிட்ட கிழங்கைப் பத்திப் பேசணும்னா வில்பட்டிப் பேச்சுத்தான் பேசணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம உபதேசியாருக்குத்தான் அது இன்னும் பிடிபடல. சேசுசபைச் சாமியாருங்க 1860-கள்ல இந்த மலையில கோவில் கட்டுறப்ப, எத்தனையோ மாதா இருக்க, கிழங்கு மாதாவப் பாத்துக் கொண்டாந்தாங்க பாரு, வெவரந்தான்.

இப்பத்தான் உன் பங்காளி வர்றான். மாக்சிமினோட அப்பன் ஜிரோ, வண்டிச் சக்கரம் செய்யுற ஆசாரி. கோவில் பக்கம் தலைவச்சுப் படுக்காத ஆளு, சாராயக்கடைதான் அவனுக்குப் பீடம். மகன் சொன்னதக் கேட்டுச் சிரிச்சான். பய விடல. "அப்பா, அந்தம்மா உன்னைப் பத்தியும் பேசுச்சு"ன்னான்.

நடந்தது இதுதான். கெட்டுப்போன கோதுமையப் பாத்திருக்கீங்களான்னு மாதா கேட்டிருக்கா. இல்லைன்னுட்டான் பய. "நீ பாத்திருக்க. உங்கப்பன்கூடப் போனப்ப, கதிரக் கையில வச்சுத் தேச்சதும் தூளாப் போச்சே. திரும்பி வர்ற வழியில உங்கப்பன் ஒரு துண்டு ரொட்டி குடுத்து, இந்த வருசமாச்சும் தின்னுடா, அடுத்த வருசம் யாரு திம்பாங்களோன்னானே"ன்னு ஞாபகப்படுத்தியிருக்கா. அந்தப் பேச்சு அப்பனும் மகனும் தனியா நடந்து வர்றப்ப பேசினது. ஆசாரிக்குச் சிரிப்பு நின்னு போச்சு. இளைப்பு நோயோட அந்த மலையேறினான், சுனைத் தண்ணியக் குடிச்சான், மூச்சு லேசாச்சுன்னான். அப்புறம் சாகுற வரைக்கும் தெனப்பூசை தவறல. எந்தச் சாமியாரு பிரசங்கமும் அவனை அசைச்சதில்ல மாப்ளே. பிள்ளைக்குப் பிச்சுக் குடுத்த ரொட்டிய ஒருத்தி மறக்காம வச்சிருந்தா, அவ்வளவுதான். பரீட்சைக்குப் போறப்ப உங்கம்மா நெத்தியில சிலுவை போட்டு அனுப்புனாளே, அதை நீ மறந்திருப்ப.

அந்தப் பிள்ளைக பாடு பரவாயில்ல. செபம் சொல்றீங்களான்னு மாதா கேட்டதுக்கு ரெண்டும், பெரிசா இல்லைங்கன்னு உண்மையச் சொல்லிருச்சுக. நேரமில்லாட்டி ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் போதும்னா. ஒரு நிமிசம் ஆகுமா? நீ பாக்குற ரீல்சு ரெண்டுக்கு அதைவிட ஆகும்.

நான் மட்டும் யோக்கியனான்னு மொறைக்கிற. செபமாலையில மூணாம் தேவ ரகசியத்துக்கு மேல நான் முழிச்சிருந்ததாச் சரித்திரமே இல்ல. உங்க அத்தை முழங்கையால இடிச்சுத்தான் ஆமென் வரும். அந்த இடிக்குப் பயந்தே மோட்சம் போனாலும் போவேன்.

சரி, டீ ஆறிப் போச்சு. நாளைக்கு ஞாயிறு. நான் உன்னை எழுப்ப மாட்டேன், கதவைத் தட்ட மாட்டேன். முட்டி வலி, ஏத்தத்துல நடக்க முடியல, அதனால செருப்பை மாட்டிக்கிட்டு உன் பைக்கு பக்கத்துல சும்மா நிப்பேன். அத்தையும் நிப்பா. பெட்ரோல் மட்டும் இருக்கான்னு ராத்திரியே பாத்து வச்சிரு.