சும்மா கிடக்கும் பத்து லட்சம்

திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவுக்கு வங்கியில் 10 லட்சம் ஓவர்டிராஃப்ட் லிமிட் உண்டு. அதைத் தொடவே மாட்டார். தொட்டால் கடன், தொடாதவரை கௌரவம் என்பது அவர் கட்சி. சாங்ஷன் கடிதம் வந்த அன்றே நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, லேமினேட் செய்து, கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படத்துக்கும் பெயிண்ட் கம்பெனி காலண்டருக்கும் நடுவில் மாட்டிவிட்டார். ஊதுபத்தி மூன்றுக்கும் பொது.

“தொடாத பணத்துக்கு வட்டி கிடையாது மாப்ளே” என்பார். வாஸ்தவம்தான். வட்டி, எடுத்த தொகைக்கு மட்டும். அதுவும் அன்றன்றைய பாக்கியை வைத்து நாள் கணக்கில். 50,000 எடுத்துப் பத்து நாளில் கட்டினால், 50,000-க்குப் பத்து நாள் வட்டி. மீதி ஒன்பதரை லட்சம் சும்மா.

சும்மா எதுவும் கிடையாது என்பது கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. லேமினேட் ஆனது முதல் பக்கம். இரண்டாவதில் பொடி எழுத்தில் பிராசஸிங் சார்ஜ், வருடா வருடம் ரினிவல் சார்ஜ், சரக்கைப் பார்க்க வரும் ஆபீசருக்கு இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ், எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மாமாவுக்கு ரினிவல் அரை சதவீதம். 5,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 5,900. எடுத்தாலும் அதே, எடுக்காவிட்டாலும் அதே. சில வங்கிகளில் கமிட்மெண்ட் சார்ஜும் உண்டு: லிமிட்டில் இவ்வளவுக்குக் கீழே எடுத்தால், எடுக்காத பாகத்துக்குத் தண்டம். கடன் வாங்காத குற்றத்துக்கு அபராதம் போடும் இடம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

“கூப்பிட்டவுடன் வரவேண்டிய பணம் சார். வாசலில் நிறுத்திவைத்த வாடகைக் காருக்கு வெயிட்டிங் சார்ஜ் கொடுக்க மாட்டீங்களா?” என்றார் மேனேஜர். “கார்ல ஏசி போட்டுத் தூங்கலாமே” என்றார் மாமா. எனக்கென்னவோ மேனேஜர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. சொல்லவில்லை, மத்தியானச் சாப்பாடு மாமா வீட்டில்.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தது எடின்பரோ என்பார்கள். 1728-இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, வில்லியம் ஹாக் என்ற வியாபாரிக்குக் கொடுத்ததே முதல் ஓவர்டிராஃப்டாம். பிரிட்டனில் 2020 ஏப்ரலில் இருந்து தனிநபர் ஓவர்டிராஃப்டுக்கு நாள் கட்டணம், மாதக் கட்டணம் எல்லாம் கூடாது. எடுத்ததற்கு வட்டி, அவ்வளவுதான். அங்கே தொடாமல் வைத்திருந்தால் நிஜமாகவே சும்மா. தொட்டால், பல வங்கிகளில் வருடத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி. “நமக்கேத்த ஊரு” என்று பெருமூச்சு விட்டார் மாமா.

ஃபிக்ஸட் டெபாசிட்டின் பேரில் ஓவர்டிராஃப்ட் வாங்குங்கள், பல வங்கிகளில் பிராசஸிங் சார்ஜே கிடையாது, டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல் என்றேன். “என் பணத்தை எனக்கே கடனாக் குடுத்து என்கிட்டயே வட்டியா?” என்றார். அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

வங்கியின் கட்டணப் பட்டியலில் வராத செலவும் உண்டு. சுவரில் மாட்டினால் நாலு பேர் படிக்கத்தானே செய்வார்கள்? “சும்மாதான கிடக்கு” என்று வந்த சொந்தக்காரர்களுக்கு மாமா வாங்கிக்கொடுத்த காபி, வடைக்குக் கணக்கில்லை.

போன மாதம் மேனேஜர் போன் செய்தார்: லிமிட்டை 5 லட்சமாகக் குறைத்துக்கொண்டால் ரினிவலும் பாதியாகுமே. மாமாவுக்கு மூக்கின் மேல் கோபம். அன்று சாயங்காலமே 1 லட்சத்தை எடுத்து அத்தை கணக்கில் போட்டு, மறுநாள் காலையில் திருப்பிக் கட்டினார். காலாண்டு சராசரி பார்க்கும் வங்கிக்கு அந்த ஒரு ராத்திரி கண்ணில்கூடப் பட்டிருக்காது. மாதக் கடைசியில், பத்தரை சதவீதக் கணக்கில் 29 ரூபாய் வட்டி பிடித்திருந்தார்கள்.

வருடா வருடம் 5,900-ஐ வாய் திறக்காமல் கட்டுகிற மனிதர், கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்: “ஒரே ராத்திரிக்கு இருபத்தொம்பது ரூவா மாப்ளே. கந்துவட்டி!”