மைனஸ் ஒன்றின் மேல் ஒரு வழக்கு

1712இல் லைப்னிட்ஸுக்கும் யோஹான் பெர்னூலிக்கும் கடிதத்திலேயே சண்டை மூண்டது. சொத்துத் தகராறு இல்லை. கால்குலஸை முதலில் கண்டுபிடித்தது யார் என்ற தகராறும் இல்லை. அது நியூட்டனோடு தனியாக நடந்துகொண்டிருந்தது. மைனஸ் ஒன்றின் மடக்கை, அதாவது லாக், எவ்வளவு? இதுதான் பிராது.

நிஜ எண்களில் அப்படியொரு லாக் கிடையாது, அது கற்பனைச் சரக்கு என்றார் லைப்னிட்ஸ். பெர்னூலி விடவில்லை. எக்ஸின் லாக்கை வகையிட்டால், எக்ஸில் வரும் நுண்மாற்றத்தை எக்ஸால் வகுத்தது வரும். மைனஸ் எக்ஸுக்கும் அதையே செய்தால் மேலே ஒரு மைனஸ், கீழே ஒரு மைனஸ். இரண்டையும் அடி. ஆக எக்ஸின் லாக்கும் மைனஸ் எக்ஸின் லாக்கும் ஒன்றுதான். மைனஸ் ஒன்றின் லாக் சைபர். அந்த விதி மிகை எண்களுக்கு மட்டும்தான் ஐயா என்று லைப்னிட்ஸ் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. மேலேயும் கீழேயும் இருக்கும் மைனஸை ஒரே கோட்டில் அடிப்பதில் உள்ள சுகத்தை அனுபவித்தவர்கள் லேசில் விடமாட்டார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் நம் ஊர் சிவில் வழக்கு மாதிரிதான். 1716இல் லைப்னிட்ஸ் போய்ச் சேர்ந்தார். கடிதக் கட்டு 1745இல்தான் அச்சுக்கு வந்தது. 1748 புத்தாண்டன்று பெர்னூலியும் கண்ணை மூடினார். தீர்ப்பு அச்சேறியது 1751இல். வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, நீதிபதி மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார். அவர் லேயோன்ஹார்ட் ஆய்லர், பெர்னூலியின் சொந்த சிஷ்யர்.

சிஷ்யர் குருவைக் குருவின் ஆயுதத்தாலேயே சாய்த்தார். வட்டத்தின் பரப்பையும் கற்பனை எண்ணின் லாக்கையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தவர் பெர்னூலிதான். அந்தச் சூத்திரப்படி கால்வட்டத்தின் பரப்பு மைனஸ் ஒன்றின் லாக்கை வைத்துக் கிடைக்கிறது. அந்த லாக் சைபர் என்றால் கால்வட்டத்தின் பரப்பும் சைபர். உலகத்தில் வட்டமே இல்லை என்று குருநாதர் சாதித்ததாக ஆகிறது.

சரி, லாக்தான் எவ்வளவு? ஆய்லரின் தீர்ப்பு: பை √−1. மூன்று பை √−1 என்றாலும் சரி. மைனஸ் பை √−1 என்றாலும் சரி. இரண்டு பை, இரண்டு பையாகக் கூட்டிக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது. பெர்னூலியின் சைபர் மட்டும் அந்தப் பட்டியலில் வரவே வராது. பிரெஞ்சுக் கணிதர் தாலம்பேர் இந்தத் தீர்ப்பை ஏற்காமல் பெர்னூலி பக்கமே நின்றார். மேல்முறையீடு இல்லாத வழக்கு எங்கே இருக்கிறது?

தீர்ப்பில் ஒரு குறை, படம் இல்லை. படம் இருந்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும்: ஒன்று கிழக்கே நிற்கிறது, மைனஸ் ஒன்று மேற்கே நிற்கிறது, இடையில் அரைச்சுற்று, அதாவது பை. இன்னொரு முழுச்சுற்று சுற்றினாலும் அதே இடம். அதனால்தான் முடிவில்லாத விடைகள்.

அந்தப் படத்தைப் போட்டவர் பேராசிரியர் அல்ல, சர்வேயர். நார்வேயில் பிறந்து டென்மார்க்கை அளந்துகொண்டிருந்த காஸ்பர் வெசல். இவ்வளவு தூரம், இந்தத் திசை என்று நாள் முழுக்கக் குறிப்பெடுப்பவருக்கு, ஓர் எண்ணுக்கு நீளமும் கோணமும் இருப்பதில் என்ன அதிசயம்? 1797இல் கோபன்ஹேகன் அகாதமியில் வாசிக்கப்பட்டு 1799இல் அச்சான கட்டுரையை அவர் டேனிஷ் மொழியில் எழுதிவிட்டார். ஐரோப்பா கவனித்து அதைப் பிரெஞ்சில் பெயர்க்க 1897 ஆயிற்று. அவருடைய அண்ணன் யோஹான் ஹெர்மன் வெசல் பேர்பெற்ற நையாண்டிக் கவிஞர். இந்தக் கூத்தை எழுத அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை, ஆனால் 1785இலேயே இறந்துவிட்டார்.

1806இல் பாரிஸில் ஆர்கண்ட் அதே படத்தைத் தானாகவே போட்டு ஒரு சிறுநூல் அச்சடித்தார், அட்டையில் தன் பெயரைப் போடாமல். கணிதர் லெஜாந்தர் அதைப் பற்றி ஃபிரான்சுவா பிரான்சே என்பவருக்கு எழுதினார், அவரும் ஆசிரியர் பெயரைச் சொல்லாமல். பிரான்சே இறந்தபின் அவர் தம்பி ழாக் கையில் அந்தக் கடிதம் சிக்கியது. 1813இல் விஷயத்தைப் பிரசுரித்த தம்பி, இதன் உண்மையான சொந்தக்காரர் வெளியே வரவேண்டும் என்று அறிவிப்பும் கொடுத்தார். இந்தக் காலத்தில் அப்படி அறிவித்தால் நாற்பது பேர் வருவார்கள். அன்றைக்கு வந்தவர் ஆர்கண்ட் ஒருவர்தான். பெயர் போடாத மனிதரின் பெயர்தான் இன்று அந்தப் படம் போடும் தளத்துக்கு.

இத்தனை கலாட்டாவுக்குப் பிறகும் எக்ஸ் + ஒய் √−1 என்ற கலப்பெண்ணைத் துருவ வடிவில், அதாவது நீளமும் கோணமுமாக, எழுதச் சொன்னால் கை என்ன செய்கிறது? ஒய்யை எக்ஸால் வகுத்து, கால்குலேட்டரில் டான் இன்வெர்ஸ் தட்டுகிறது. −1 − √−1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மைனஸ், கீழே மைனஸ், இரண்டையும் அடித்தால் 1, கோணம் 45 டிகிரி. புள்ளியோ தென்மேற்கில், −135 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது. பெர்னூலி செய்ததும் இதைத்தான். −1 + √−1க்கு அதே பொத்தான் −45 என்கிறது. உண்மையான கோணம் 135. வகுத்த கணமே எந்தக் குறி எங்கிருந்தது என்ற தகவல் தொலைந்தது. கால்குலேட்டரைத் திட்டிப் பயனில்லை, அதற்கு நாம் சொல்லவே இல்லை. அதனால்தான் நம் ப்ளஸ் டூ புத்தகம் நான்கு கால்பகுதிக்கும் நான்கு விதி வைத்திருக்கிறது (குறியை விட்டுவிட்டு வகுத்தால் வரும் கோணம் ஆல்ஃபா): ஆல்ஃபா, பை − ஆல்ஃபா, ஆல்ஃபா − பை, −ஆல்ஃபா. படம் போட்டுப் பார்க்காமல் இதை மனப்பாடம் செய்பவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியை எழுதியவர்கள் கடைசியில் நல்ல வழி கண்டார்கள். ஏடான்2 என்று ஒரு சார்பு. வகுக்காதே, இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் கொடு, கால்பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. முதலில் ஒய், அடுத்து எக்ஸ். சி முதல் பைத்தான் வரை அதே வரிசை. மைக்ரோசாஃப்ட் எக்செலோ முதலில் எக்ஸ், அடுத்து ஒய் என்று வைத்தது. பைத்தான் பழக்கத்தில் −1 + √−1க்காக எக்செலில் ஏடான்2க்குள் 1, −1 என்று தட்டி, டிகிரிக்கு மாற்றிப் பாருங்கள். −45 என்று வரும்.